நீல ரேஸ் சைக்கிளும் கோணி ஊசியும்

ரேஸ் சைக்கிள் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கிடாவின் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில். மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, ஸ்டாண்டும் கிடையாது. சுவரில் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். நாமெல்லாம் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கற்றவர்கள். தெருவில் ஒரு ரேஸ் சைக்கிள் போனால் அது திருப்பத்தில் மறையும்வரை நின்று பார்த்தவர்கள். அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்ததையும், அதை நான் என்ன செய்தேன் என்பதையும் இப்போதுதான் முழுசாகச் சொல்கிறேன். என் பிள்ளைகளுக்கு இதில் பாதிதான் தெரியும்.

அப்போது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினாறு. பெங்களூர் மர்பி டவுனில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா அரசாங்க ஆபீஸ் ஒன்றில் ஜீப் டிரைவர். வேலைக்கும் காக்கி, கல்யாண வீட்டுக்கும் துவைத்துத் தேய்த்த அதே காக்கி. அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா. அம்மா வீட்டுக்குள் நுழைந்தால் டெட்டால் வாசம் முன்னால் வரும், அம்மா பின்னால் வருவாள்.

அந்த வருஷம் பள்ளிக்கூடங்களுக்கு இடையே நடந்த சைக்கிள் போட்டியில் அக்கா இரண்டாவதாக வந்தாள். ஓட்டியது எங்கள் தெருமுனை சைக்கிள் கடை பாயிடம் வாடகைக்கு எடுத்த ஆம்பளை சைக்கிள். அதன் செயின் கவர் தகரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக், டக்’ என்று அடிக்கும். மற்ற பெண்கள் எல்லோரும் ரேஸ் சைக்கிளில் வந்திருந்தார்கள்.

மறுநாள் அக்காவின் பி.டி. மிஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்.

“ஸ்டேட் செலக்‌ஷனுக்கு இவள அனுப்பலாம். செலக்ட் ஆகலைன்னாலும் பரவாயில்ல, முடிக்கிற நேரம் நல்லா இருந்தா காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு குடுப்பாங்க. ஃபீஸ் கெடையாது. ஆனா ரேஸ் சைக்கிள் வேணும். பழசா இருந்தாக்கூட போதும்.”

பத்தாவது முடிந்ததும் அக்காவைக் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சேர்த்துவிடுவதாகப் பக்கத்து வீட்டு அத்தை சொல்லியிருந்தாள். அப்பாவும் சரியென்று சொல்லியிருந்தார். மிஸ் போன பிறகு அப்பா சட்டைப்பையிலிருந்த சம்பளக் கவரை எடுத்து எண்ணினார். பிறகு, “நானூறு ரூபாதான் முடியும். அதுக்குள்ள கெடச்சா பாக்கலாம்” என்றார். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் ஸ்டூல் உருண்டது.

சைக்கிள் கடை பாயிடம் அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர் எப்போதும் எரிச்சலாகவே பேசுவார். ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழ் பார்த்துக்கொண்டே, “பெயிண்ட பாத்து மயங்காத மகளே. டயரு, செயினு, பிரேக்கு, எது போனாலும் மாத்திக்கலாம். ஃபிரேம் போனா போனதுதான். ஹேண்டிலுக்குக் கீழ குழாய விரலால தடவிப் பாரு. வழவழன்னு இருக்கணும். சரி சரி, ஒன் அவர் காசு வெச்சிட்டு போ” என்றார்.

பாயையும் கூட்டிப்போகலாம் என்று அக்கா கேட்டதற்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “அவன் ரெண்டு பக்கமும் கமிஷன் அடிப்பான். எனக்கு வண்டி பாக்கத் தெரியாதா?” என்றார். ஜீப் ஓட்டுகிறவருக்கு சைக்கிள் எம்மாத்திரம் என்று நானும் நினைத்தேன்.

முதலில் போனது சிவாஜிநகர். மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஒரு கறிக்கடை. அப்பா ஆபீஸ் முடிந்து காக்கியோடு அப்படியே வந்திருந்தார். தோலுரித்த ஆடுகள் தொங்கிய கொக்கி வரிசைக்கு மேலே, சுவரில் இரண்டு ஆணியில் அந்த சைக்கிள் மாட்டியிருந்தது. என்ன நிறமென்று சொல்ல முடியாதபடி துரு. டயரில் காற்று இல்லை. சீட் கிழிந்து உள்ளிருந்த மஞ்சள் பஞ்சு தெரிந்தது. கடைக்காரர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

“சைக்கிள் விக்கறதா சொன்னாங்க.”

“யாரு சொன்னாங்க?”

“பஸ் ஸ்டாண்டு பக்கம் சொன்னாங்க. உங்களுதா?”

“என்னுதுதான்.”

“பில்லு இருக்குதா?”

“அதெல்லாம் இல்ல. முன்னூறு. வேணும்னா எடுங்க.”

அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. கத்தியை எடுத்து எலும்பு வெட்ட ஆரம்பித்துவிட்டார். சந்தைத் தாண்டியதும் அப்பா குரலைத் தாழ்த்தி, “திருட்டு மாலு. மூஞ்சியப் பாத்தாலே தெரியல? கேட்ட கேள்விக்குப் பதில் வரல” என்றார். அக்கா தலையாட்டினாள். அந்தத் துருவைப் பார்த்ததிலேயே அவளுக்கு மனம் விட்டுப்போயிருந்தது.

இரண்டாவது, ஃப்ரேசர் டவுன் பக்கம் ஒரு பங்களா. அப்பாவின் ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். கேட்டில் இரண்டு நாய்கள். வராண்டாவில் பிரம்பு நாற்காலிகள், தொட்டியில் ரோஜா. பெரிய உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர் வெள்ளை ஜிப்பாவில் வெளியே வந்தார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு படியிலேயே நின்றார்.

“கூத்கொள்ளி, கூத்கொள்ளி” என்று கன்னடத்தில் சொல்லி நாற்காலியைக் காட்டியவர், நாங்கள் தமிழ் பேசுவது காதில் விழுந்ததும், “அட, உக்காருங்க, ஏன் நிக்கறீங்க?” என்றார். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பூப்போட்ட பீங்கான் கோப்பையில் டீ வந்தது. அந்தக் கோப்பையை அப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. எத்தனையோ பங்களாக்களுக்கு அவர் ஜீப்பில் ஆட்களைக் கொண்டுவிட்டிருக்கிறார். ஒரு வராண்டாவிலும் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

சைக்கிளைக் கொண்டுவந்து சாய்த்தார்கள். மயில் கழுத்து நீலம். ஹேண்டிலில் புது வெள்ளை டேப். அக்கா மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. அவருடைய மகன் ஓட்டியதாம், இப்போது மோட்டார் பைக் வாங்கிவிட்டானாம். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, நான் முன்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து பாய் சொன்ன மாதிரி குழாயின் அடியில் விரலை ஓட்டினேன். வழவழவென்று வந்த விரல் ஹேண்டிலுக்குக் கிட்டே போனதும் ஏறி இறங்கியது. கொசு கடித்த இடம் போல ஒரு வீக்கம். அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் தடிப்பாக, பிரஷ் போன கோடு தெரிந்தது.

“அப்பா, இங்க வீங்கியிருக்குது.”

“பெரியவங்க பேசறப்ப நடுவுல வராத.”

“குழாய் சேர்ற எடம் பாப்பா, அப்படித்தான் இருக்கும்” என்று அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானூறு ரூபாய்க்கு ஒரு பைசா குறைத்துக் கேட்கவில்லை. அதில் பாதியாவது அந்த நாற்காலிக்குக் கொடுத்தது என்று இந்த வயதில் புரிகிறது. அப்பாமேல் கோபம் வரவில்லை. அவருக்கும் அப்படி ஒரு நாள் வேண்டியிருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். அவள் தடவினாள். மறுபடி தடவினாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

“யாருகிட்டயும் சொல்லாத.”

“ஒடஞ்சா?”

“ஒடயாது. இத வேணாம்னு சொன்னா அப்பா இன்னொண்ணு வாங்கித் தருவாரா? அப்பறம் நான் தையல் மிஷின்லதான் குந்தணும். அம்மா மேல சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு.”

பண்ணினேன்.

அக்கா காலையில் அல்சூர் ஏரியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். ஏரியின் பாசி வாடை, கோயில் மணிச் சத்தம், நீலமாக ஒன்று வேலி ஓரம் சீறிக்கொண்டு போகும். பாலுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தினமும் அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது நான் குனிந்து அந்த வீக்கத்தைப் பார்ப்பேன். இரண்டாம் வாரம் அதன்மேல் தலைமயிர் மாதிரி ஒரு கோடு. மூன்றாம் வாரம் அதில் என் நகம் மாட்டியது.

அப்போதுதான் மிஸ் சொல்லி அனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமை வேனில் சைக்கிள்களை ஏற்றி நந்தி மலைக்குப் போகிறோம், ஏறி இறங்கிப் பழக வேண்டும்.

நான் பாய் கடைக்கு ஓடினேன். சத்தியத்தை மீறாமல் கேட்டேன். “பாய், ஃபிரேம் வீங்கியிருந்தா இன்னா ஆவும்?”

“யார் சைக்கிளு?”

“சும்மா கேக்கறேன்.”

“மேட்டுல ஒண்ணும் ஆவாது. எறக்கத்துல பிரேக்க புடிச்சா முன்சக்கரம் தனியா போவும், ஆளு தனியா போவும். போ, போ, யாவார நேரத்துல.”

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அக்கா தெருக்குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அரிசி மூட்டை தைக்கும் கோணி ஊசி அலமாரிக்கு மேலே இருக்கும். ஸ்டூல் போட்டு எடுத்தேன். சொல்லக் கூடாது என்றுதானே சத்தியம், குத்தக் கூடாது என்று இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன் டயரில் வைத்து அழுத்தினேன். உஸ்ஸென்று ரப்பர் வாசத்தோடு காற்று என் முகத்தில் அடித்தது.

இந்த இடத்தில் நான் உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. முன் டயரைக் குத்தியது பயத்தில். பின் டயரைக் குத்தும்போது அந்தப் பயத்தோடு வேறொன்றும் இருந்தது. அந்த மூன்று வாரமும் வீட்டில் முட்டை அக்காவுக்கு, பால் அக்காவுக்கு. என்னை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை உஸ்ஸென்றபோது எனக்குக் கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

மறுநாள் காலை அக்காவின் அலறலில்தான் எழுந்தோம். இரண்டு டயரும் தரையோடு அப்பியிருந்தன. ஊசியை இருந்த இடத்தில் வைத்திருந்தேன், ஸ்டூலை எடுத்து வைக்க மறந்துவிட்டேன். அம்மா ஸ்டூலைப் பார்த்தாள், மேலே ஊசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நீயா?”

நான் ஸ்டூலைப் பார்த்தேன்.

“கூடப் பொறந்தவமேல இத்தன பொறாமயா டீ உனக்கு?” என்றாள். அதுவரை என்னைத் தொட்டு அடித்திராத அப்பா கன்னத்தில் ஒன்று விட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். நான் ஏன் செய்தேன் என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மிஸ்ஸின் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்து, காத்திருந்து, போய்விட்டது.

அப்பா சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனார். அக்கா பின்னால் போனாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். பாய் இரண்டு சக்கரத்தையும் கழற்றினார்.

“ரெண்டுலயும் ஒரே மாதிரி ஓட்ட. யாரு வேல?”

“இந்தக் கழுதைதான். இன்னிக்கு நந்தி மலைக்குப் போக வேண்டியவ, வேன் போயிடுச்சு” என்றார் அப்பா.

பாய் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஃபிரேமைத் தலைகீழாகத் திருப்பினார். ஹேண்டிலுக்குக் கீழே விரலை ஓட்டி நிறுத்தினார். பிளேடால் நீலப் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் சிவப்பு, அதற்கடியில் இரும்பு. இரும்பில் கறுப்பாகக் கோடு, குழாயைப் பாதிக்குமேல் சுற்றியிருந்தது. ஃபிரேமைத் தரையில் ஊன்றி உள்ளங்கையால் அழுத்தினார். கோடு வாய் மாதிரி திறந்து மூடியது.

“இதுலயா மலை எறங்கப் போனா உன் பொண்ணு?”

அப்பா அங்கேயே, டயர்க் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். காக்கிச் சட்டைக்குள் அவர் நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தது.

அக்கா முன்னால் வந்தாள். “அப்பா, இது வாங்குன அன்னிக்கே பாப்பா எங்கிட்ட காட்டுச்சு. நான்தான் வாயத் தெறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். அதுமேல தப்பு இல்ல.” சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

அப்பா என் கையைப் பிடித்து இழுத்து முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார். அடித்த கன்னத்தைத் தடவினார். “எங்கிட்டயும்தான் சொல்லுச்சு” என்றார். “அங்கயே சொல்லுச்சு.”

எனக்கு அப்போது வந்த அழுகை, அடி வாங்கியபோது வந்ததைவிடப் பெரிது. மூன்று வாரமாக அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் கரைந்து போகிற மாதிரி அழுதேன். பாய் எரிச்சலோடு, “அரே, கடைய கழுவிடுவா போலருக்கே” என்று சொல்லி எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். டியூபுக்குப் போடும் சொல்யூஷன் வாசம் அடித்த பிஸ்கட்.

பணத்தைத் திருப்பிக் கேட்க அப்பா போகவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் தருவாரா, நாயை ஏவுவார், ஆபீஸில் சொல்லிவிடுவார் என்று மூன்று நாள் தள்ளிப்போட்டார். நான்காம் நாள் அம்மா ஆஸ்பத்திரிப் புடவையோடு அந்த சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளே போனாள். சாயங்காலம் முந்தானை முடிச்சில் நானூறு ரூபாயோடு திரும்பினாள். அந்தப் பங்களாக்காரருக்கும் விஷயம் தெரியாதாம். மகன் லாரியில் மோதி, அவருக்குத் தெரியாமல் நிமிர்த்தி பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறான். அவனை வராண்டாவுக்குக் கூப்பிட்டு, அம்மாவின் முன்னால் மன்னிப்புக் கேட்கவைத்தாராம்.

“உன்ன உக்காரச் சொன்னாரா?” என்று அப்பா கேட்டார்.

“நான் உக்கார போகலியே” என்றாள் அம்மா.

அடுத்த நாள் பாயையும் கூட்டிக்கொண்டு மறுபடி சிவாஜிநகர் போனோம். இந்த முறை அப்பா வேட்டி சட்டையில் வந்தார். சைக்கிள் அதே ஆணியில் தொங்கியது. பாய் அதை இறக்கி, குழாய் குழாயாகத் தடவி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலிருந்து நேர் பார்த்தார். “துரு மேலதான். உள்ள ராஜா மாதிரி இருக்குது” என்றார். அப்பாவும் குந்தி உட்கார்ந்து தடவினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “நீ பாரு” என்றார். நான் முழு ஃபிரேமையும் தடவினேன். எங்கும் வீக்கம் இல்லை.

கறிக்கடைக்காரர் இப்போது சளசளவென்று பேசினார். அவரே ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டியவராம். முட்டி போய்விட்டதாம். பத்து வருஷமாக ஆணியில் தொங்குகிறதாம். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை.

“தப்பா நெனச்சிக்காதீங்க. போன தடவ நீங்க பேசின பேச்சுல, திருட்டு மாலுன்னு நெனச்சிட்டேன்.”

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நீங்க காக்கில வந்து பில்லு கேட்டீங்களே சார்! நான் உங்கள போலீஸ்னு நெனச்சேன். எப்படா போவாருன்னு இருந்திச்சு.”

பாயே சிரித்தது அன்று ஒரு நாள்தான். கடைக்காரர் அம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தார். கையிலிருந்த மிச்சத்தில் புது டயர், பிரேக் கட்டை, கேபிள். பாய் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது துருவுக்கடியில் பச்சை நிறம் வந்தது. பெயிண்ட் அடிக்கக் காசு இல்லை, அக்கா அப்படியே ஓட்டினாள். அந்த சைக்கிள் பிற்பாடு யார் கைக்குப் போனதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

செலக்‌ஷனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேரை எடுத்தார்கள், அக்கா ஆறாவது. ஆனால் நேரம் நன்றாக இருந்தது. காலேஜில் சீட்டு கிடைத்தது. கார்மெண்ட்ஸ் கம்பெனி வாசலை அவள் மிதிக்கவேயில்லை.

ஆனாலும் அந்த வருஷம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது செலக்‌ஷன் இல்லை, அதற்கு முந்தின வாரம். மிஸ் மறுபடி நந்தி மலைக்கு வேன் ஏற்பாடு செய்தார். என்னையும் ஏற்றிக்கொண்டார். பெண்கள் எல்லோரும் மேலே ஏறிப் போனார்கள். நான் அடிவாரத்தில் ஒரு மைல்கல் மேல் உட்கார்ந்திருந்தேன். பனி விலகவில்லை. யூகலிப்டஸ் வாசம். முதல் பெண் இறங்கி வந்தாள், அவள் அக்கா இல்லை. இரண்டாமவளும் இல்லை. மூன்றாவதாக யாரும் வராமல் பாதை வெறுமையாகக் கிடந்தது. நான் எழுந்து பாதை நடுவே நின்றேன்.

பிறகு சத்தம் கேட்டது. செயின் ஓடும் மெல்லிய சரசரப்பு. கடைசி வளைவில் அக்கா உடம்பைச் சாய்த்து வந்தாள், பிரேக்கைப் பிடித்தாள், சைக்கிள் முனகிக்கொண்டே நின்றது. முன்சக்கரம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் கண்ணில் காற்றடித்து நீர் வழிந்திருந்தது.

“பயந்தியா?” என்றாள்.

“இல்ல.”

“நான் பயந்தேன் டீ. மேலருந்து கீழ வரைக்கும்.”

என் இடுப்பைப் பிடித்துத் தூக்கி முன்னால் பாரில் பக்கவாட்டில் உட்காரவைத்தாள். வேன் நின்ற இடம் இன்னும் கொஞ்ச தூரம், சமதரை. இரண்டு பேர் பாரத்தோடு சைக்கிள் மெதுவாக நகர்ந்தது. அவள் மூச்சு என் பிடரியில் பட்டது. குழாய்க்கு அடியில் கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. காலை ஆட்டிக்கொண்டு போனேன்.